வெள்ளிக்கிழமை உப்பு

"அவங்க எல்லாம்" என்று ஆரம்பிக்கும் எந்தப் பேச்சைக் கேட்டாலும் எனக்குக் காது சூடாகிவிடும். அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்பது முக்கியமில்லை. அவங்க எல்லாம் ரொம்ப நல்லவங்க என்று முடிந்தாலும் எனக்குக் கோபம்தான். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் கிளியனூர் பக்கம் இருக்கிறது. மத்தியானம் ஆசிரியர் அறையில் டிபன் பாக்ஸைத் திறந்ததும் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். அவங்க எல்லாம் பொட்டு வைக்கமாட்டாங்க. அவங்க எல்லாம் நம்ம வீட்டுப் பிரசாதம் வாங்கமாட்டாங்க. "எத்தனை பேரைக் கேட்டீங்க?" என்று நான் சண்டைக்குப் போவேன். அப்புறம் கொஞ்ச நேரம் அறையில் ரசம் உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்கும்.

இவ்வளவு பேசுகிற என் வீட்டிலேயே இந்த 'அவங்க எல்லாம்' பேச்சுக்கு ஒரு மொத்த வியாபாரி இருந்தான். அவன் என் தம்பி.

சென்னையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவன், ஒருநாள் பெட்டியோடு மரக்காணத்துக்கு வந்து இறங்கி, உப்புப் பாத்தி குத்தகைக்கு எடுக்கப் போகிறேன் என்றான். படித்த படிப்பை உப்புத் தண்ணீரில் கரைக்கப் போகிறான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவன் காதில் வாங்கவில்லை. என்னிடம் மட்டும், "இந்த ஒரு சீசன் பாக்குறேங்க்கா. தேறலேன்னா திரும்பிப் போயிடுறேன்" என்றான். அவன் திரும்பிப் போகக் கூடாது என்று நான் உள்ளுக்குள் தவித்தேன். அவன் வந்த பிறகுதான் அம்மா இரண்டு வேளையும் ஒழுங்காகச் சமைக்க ஆரம்பித்திருந்தாள். வீட்டில் சண்டை, சிரிப்பு எல்லாம் திரும்பியிருந்தது. அவன் பெட்டியைப் பரண்மேல் தூக்கி வைத்தது நான்தான், சுலபமாக எடுக்க முடியாத மூலையாகப் பார்த்து.

பாத்தி வேலைக்கு ஒரு மேஸ்திரி அமைந்தார். மாதா கோயில் தெருக்காரர். அவர் கூட்டி வரும் ஆட்களும் அந்தத் தெருதான், அவர் மனைவியும் அதில் ஒருத்தி. கோயிலில் முன்னால் நின்று ஜெபம் சொல்வதும் அவர்தான். மைக் வைத்தால் மைக் பாவம், அப்படி ஒரு குரல். அதே குரலில்தான் பாத்தியில் ஆட்களை அதட்டுவார். இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை.

மாசியில் உப்பு பூத்து, வார ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் யாரும் உப்பைத் தொடவில்லை. வரப்பு கட்டினார்கள், வாய்க்காலில் சேறு தள்ளினார்கள், தண்ணீர் பாய்ச்சினார்கள். பக்கத்துப் பாத்திகளில் எல்லாம் உப்பு வாரிக்கொண்டிருக்க, எங்கள் பாத்தியில் மட்டும் அது சும்மா வெயிலில் மின்னிக்கொண்டிருக்கும். ஏன் என்று தம்பியைக் கேட்டேன்.

"தவக்காலம்க்கா. வெள்ளிக்கிழமைல அவங்க எல்லாம் உப்பு வாரமாட்டாங்க. சாமி செத்த நாளு இல்ல?"

"அவங்ககிட்ட கேட்டியா?"

"அதெல்லாம் போய்க் கேக்கக் கூடாதுக்கா. மனசு நோகும்."

அவன் மரியாதை அதோடு நிற்கவில்லை. ஆட்களுக்காக அம்மா தினமும் வைக்கும் மீன் குழம்பு வெள்ளிக்கிழமைகளில் பாத்திக்குப் போகக் கூடாது என்று தடை போட்டான். எலுமிச்சம்பழச் சோறுதான். அதைப் பிரித்துப் பார்க்கும்போது ஆட்களின் முகத்தை நான் ஒருநாள் பார்த்தேன். அது பக்தி மாதிரி தெரியவில்லை. தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை கறிதான் கூடாது, மீன் சாப்பிடலாம் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவன்தான் கேட்கவில்லையே.

வெள்ளிக்கிழமை காலையில் மேஸ்திரி வருவார். தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "இன்னைக்கு வரப்பு வேலையே பாத்துக்கலாம், இல்லப்பா?" என்பார். "ஆமாண்ணா, அதான் சரி" என்று இவன் தலையை ஆட்டுவான். இரண்டு பேர் முகத்திலும் சாமி சன்னதியில் நிற்கிற அடக்கம் இருக்கும். அதைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஊரில் எவ்வளவு ஒற்றுமை என்று நினைத்துக்கொண்டேன்.

வாரிய உப்பை வரப்பு மேட்டில் அம்பாரமாகக் குவிப்பார்கள். லாரி வரும்வரை அதைப் பனை ஓலையால் கீழிருந்து மேலாக மூடி, கயிறு கட்டி வைக்க வேண்டும். பங்குனி கடைசியில் தம்பியின் முதல் பெரிய அம்பாரம் கூரை உயரத்துக்கு நின்றது. சீசனில் அவன் எடுத்த நல்ல உப்பு முழுவதும் அதில்தான் இருந்தது. ஓலையும் கயிறும் பக்கத்திலேயே வந்து இறங்கியிருந்தன. வியாழக்கிழமை சாயங்காலம் ஆட்கள் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் பெரிய வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை வந்து மூடிவிடுகிறோம் என்றார் மேஸ்திரி. வானம் அப்போது துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொல்லையில் துணி எடுக்கப் போனவள் மேற்கே பார்த்தேன். திண்டிவனம் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கோடை மழைக்கு எங்கள் ஊரில் முன்னறிவிப்பெல்லாம் கிடையாது, நேரே வந்து கதவைத் தட்டும். துணியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பாத்திக்கு ஓடினேன். தம்பி எனக்கு முன்னால் அங்கே இருந்தான். ஒற்றை ஆளாக ஓலைக்கட்டை அவிழ்த்து, அம்பாரத்தின் அடியில் அடுக்கிக்கொண்டிருந்தான். நான் எடுத்துக் கொடுத்தேன். ஒரு பக்கம் அடுக்கினால் மறுபக்கம் காற்று பிடுங்கிப் போட்டது. இரண்டு பேர் செய்கிற வேலை இல்லை அது. அவனுக்கும் அது தெரிந்தது.

"இது கரைஞ்சிதுன்னா அவ்ளோதாங்க்கா. பெட்டியை எறக்கிட வேண்டியதுதான்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் அடுத்த ஓலைக்கட்டை அவிழ்த்தேன்.

அப்போது சாலையில் சிலுவைப்பாதை வந்தது. பெரிய மரச்சிலுவையை ஆண்கள் தோள் மாற்றிச் சுமந்து வந்தார்கள். வருடா வருடம் உப்பளத்துச் சாலை வழியாகத்தான் போகும். இயேசு சிலுவை சுமந்த கதையின் ஒவ்வொரு நிலைக்கும் ஓர் இடத்தில் நின்று, முழந்தாளிட்டு, ஜெபம் சொல்லிவிட்டு நகரும். அன்றைக்கு எங்கள் பாத்திக்கு நேராக ஒரு நிலை அமைந்தது. சீமோன் வந்து சிலுவை சுமக்க உதவும் ஐந்தாம் நிலை என்று எழுதினால் கதைக்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் அது இயேசு இரண்டாம் முறை கீழே விழும் நிலை. மேஸ்திரியின் குரல் அதைத் தெளிவாகச் சொன்னது.

கூட்டம் தார்ச்சாலையில் முழந்தாளிட்டது. அதில் எங்கள் ஆட்கள் பாதிப் பேர் சிலுவையைப் பார்க்கவில்லை. ஒரு கண் மேகத்தில், ஒரு கண் எங்கள் அம்பாரத்தில். ஆனால் யாரும் எழுந்து வரவில்லை.

"போய்க் கூப்பிடுடா" என்றேன்.

"இன்னைக்கா? வேணாம்க்கா. அவங்க எல்லாம் இதுல ரொம்ப கறாரு. பெரிய வெள்ளிக்கிழமை அதுவுமா வேலைக்குக் கூப்பிட்டா நல்லாருக்காது."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் உண்மையைச் சொன்னால், அவனைத் திட்டிவிட்டுச் சாலையோரம் போன நானும் வாயைத் திறக்கவில்லை. ஜெபம் முடியட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஜெபம் முடிந்தது. மேஸ்திரி எழுந்தார். என்னைப் பார்த்ததும் கூட்டத்தை விட்டு என்னிடம் வந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, ஒரே நேரத்தில் நிறுத்தினோம்.

"நீங்க சொல்லுங்க டீச்சர்."

"இல்லண்ணா, நீங்க சொல்லுங்க."

வானம் உறுமியது. அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, எந்த நாளும் கேட்டிராத சன்னக் குரலில் பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். இன்னைக்கு வெள்ளிக்கிழமைன்னு தெரியுது. ஆனா மழை வந்துடும் போல இருக்குது. இந்த ஒரு தடவை நாங்க உப்பைத் தொட்டுக்கலாங்களா? அம்மா கோச்சுக்குவாங்களா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எங்க அம்மா எதுக்குண்ணா கோச்சுக்கணும்? பெரிய வெள்ளி உங்களுக்குத்தானே. நீங்க எல்லாம் வெள்ளிக்கிழமை உப்பு வாரமாட்டீங்கன்னு..." என்று இழுத்தேன். 'நீங்க எல்லாம்' என்று என் வாயே சொன்னதைக் காது கேட்டது.

"நாங்களா?" என்றார் மேஸ்திரி. பழைய குரல் திரும்பிவிட்டது. "உப்பு வார்றதுக்கு எங்களுக்கு என்னா டீச்சர் நாளு கெழமை? உங்க வீட்லதான வெள்ளிக்கிழமை உப்பை அசைக்கக் கூடாது?"

"யாரு சொன்னது?"

"அம்மாதான். தை மாசம் எங்க வீட்டுக்காரி கஞ்சிக்கு ஒரு பிடி உப்பு கேட்டு வந்தா இல்ல, வெள்ளிக்கிழமை உப்பு வெளிய குடுக்கமாட்டோம்னு சொன்னாங்களாம். லட்சுமி போயிடும்னு உங்க ஆளுங்க எல்லாம் பாக்குறதுதானே. அதுல இருந்து ஆளுங்ககிட்ட ஸ்டிரிக்டா சொல்லிட்டேன், வெள்ளிக்கிழமை அந்தத் தம்பி உப்புல ஒருத்தனும் கை வெக்கக் கூடாதுன்னு."

தம்பி ஓலையோடு என் பின்னால் வந்து நின்றிருந்தான். "அப்ப இத்தினி வெள்ளிக்கிழமையும்..." என்றான். மேஸ்திரி அவனைப் பார்த்தார். அவன் மேஸ்திரியைப் பார்த்தான். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து, வாராமல் விட்ட உப்பு எல்லாம் அங்கேயே கிடப்பது போல, பாத்தியைப் பார்த்தார்கள். அடுத்த இடி இடிக்கவில்லை என்றால் அப்படியே நின்றிருப்பார்கள்.

மேஸ்திரி திரும்பி ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் அந்த வருடம்தான் புதிதாக வந்தவர், சின்ன வயது. ஊரே கேட்கிற மாதிரி நடந்த எங்கள் பேச்சை அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "உப்பு மூடப் போறவங்க போங்க. வர்றவங்க என்கூட வாங்க" என்றார். "மூணு மணிக்கு வழிபாடு. இன்னைக்கு மணி அடிக்கமாட்டோம், மரக்கட்டைதான் தட்டுவோம், அது இங்க வரைக்கும் கேக்காது. நீங்களா நேரம் பாத்து வந்துடணும்." சொல்லிவிட்டு அடுத்த நிலைக்கு நடந்தார். பெரியவர்கள் சிலர் அவரோடு போனார்கள். மற்றவர்கள் செருப்பைச் சாலையில் விட்டுவிட்டு வரப்பில் இறங்கினார்கள். போனவர்களை வந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, வந்தவர்களைப் போனவர்களும் ஒன்றும் சொல்லவில்லை.

சிலுவையைச் சுமந்தவர்களும் வேலைக்கு வந்துவிட்டதால் புதிதாக ஒரு சிக்கல் வந்தது. ஃபாதரோடு போனவர்களுக்குச் சின்னப் பூசைச் சிலுவை ஒன்று கையில் இருந்தது. இந்தப் பெரிய சிலுவையை எங்கே வைப்பது? தரையில் போடக் கூடாது. அப்போது மேஸ்திரியின் மனைவி முன்னால் வந்தாள்.

"நான் புடிச்சுக்குறேன். வேலைக்கு நான் வரல. எங்க அம்மா இன்னைக்கு அருவாமணைகூட தொடமாட்டாங்க. நானும் தொடுறதில்ல. ஃபாதர் சொன்னாலும் சரி, இவரு சொன்னாலும் சரி" என்று புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். மேஸ்திரி ஓலை எடுக்கப் போய்விட்டார். அந்த வீட்டில் ஜெபம் சொல்வது அவராக இருக்கலாம், சட்டம் போடுவது அவரில்லை.

மேட்டில் சிலுவையை நிறுத்தி அவள் கட்டிப் பிடித்துக்கொண்டாள். காற்று அதை ஆட்டியது. ஒற்றை ஆளால் முடியாது என்று நான் நினைக்கும்போதே, வரப்பில் அம்மா வந்துகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை உச்சிப் பூசைக்கு அம்மன் கோயிலுக்குப் போனவள் மேகத்தைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறாள். நெற்றி நிறையக் குங்குமம், இடுப்பில் அர்ச்சனைக் கூடை. கூடையை என் கையில் கொடுத்துவிட்டு, சிலுவையின் மறுபக்கம் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"ஆட்டாம புடிம்மா" என்றாள்.

"நான் எங்கக்கா ஆட்டுறேன், காத்துதான் ஆட்டுது" என்றாள் மேஸ்திரி மனைவி.

அம்பாரத்தைச் சுற்றி அத்தனை கைகள் சேர்ந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கீழ் வரிசை ஓலை, அதன்மேல் அடுத்த வரிசை, மேலே ஏறிய இருவர் உச்சியில் ஓலையை மடித்துப் போட, கயிறு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பறந்தது. ஓரங்களில் சேற்றை அள்ளி அப்பினார்கள். தம்பிக்குத்தான் பாவமாக இருந்தது. ஓலையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "ஒருசந்தியா இருக்கீங்க, மயக்கம் வந்துடப் போவுது. மெதுவா, மெதுவா" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

மேலே கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் குனிந்து, "நான் காலையிலயே நாலு இட்லி சாப்புட்டுட்டேம்பா. மேஸ்திரிகிட்ட சொல்லிடாத" என்றார்.

மேஸ்திரி அவருக்கு நேர் கீழேதான் நின்றிருந்தார். "மேஸ்திரிக்குத் தெரியும். கயித்த இழுத்துக் கட்டு" என்றார்.

கடைசி முடிச்சு போட்டபோது மழை இறங்கியது. புளியங்கொட்டை பருமனில் சொட்டுகள். ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத இடம் அது, எல்லோரும் நனைந்தோம். ஓலைமேல் தண்ணீர் வழிந்து ஓடியது. கடல் பக்கத்து மூலையில் கொஞ்சம் கரைந்து வெள்ளையாக ஒழுகியது, அவ்வளவுதான். தம்பி அம்பாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். முகத்தில் ஓடியது மழை மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும். மேஸ்திரி அவன் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு, சிலுவையைத் தோளில் வாங்கிக்கொண்டு, நனைந்த ஆட்களோடு கோயிலுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

சாயங்காலம் வழிபாடு முடிந்ததும் கோயில் வளாகத்தில் எல்லோருக்கும் கஞ்சி ஊற்றுவார்கள். மேஸ்திரி எங்களையும் வரச் சொல்லி ஆள் அனுப்பினார். தம்பி சட்டை மாற்றிக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தான். "அங்க வந்து சிரிச்சிப் பேசாதக்கா. அவங்க எல்லாம் இன்னைக்கு..." என்று ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். மேஸ்திரி சொன்னதையெல்லாம் அம்மாவிடம் நான் அப்போதே சொல்லியிருந்தேன். அவள் அடுப்பங்கரையில் இருந்து வெளியே வந்தாள். கையில் ஒரு தூக்குவாளி. அதில் என்ன என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மழை விட்டிருந்தது. வேப்பமரத்தடியில் பெரிய அண்டாவில் கஞ்சி. ஊற்றிக்கொண்டிருந்தது மேஸ்திரியின் மனைவிதான். அம்மா நேரே அவளிடம் போய்த் தூக்குவாளியைத் திறந்து நீட்டினாள். உள்ளே கல் உப்பு, வாய் வரைக்கும்.

அவள் கரண்டியை நிறுத்தினாள். "இன்னைக்கு வெள்ளிக்கிழமையாச்சேக்கா" என்றாள். அதில் கிண்டல் இல்லை. தை மாதத்திலிருந்து தொண்டையில் நின்றது அது. மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அன்னைக்கு நீங்க சொன்னத இவருகிட்ட சொன்னேன், அவங்க சாஸ்திரம் அப்படின்னு இவரு சொல்லிட்டாரு. எனக்கு மனசு ஆறல. நாங்க வேதக்காரங்கன்னுதான் குடுக்கலன்னு நெனச்சிக்கினேன்."

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். பிறகு அவள் காதருகே போய், பக்கத்தில் நின்ற எனக்கே கஷ்டப்பட்டுக் கேட்கும்படி சொன்னாள்.

"சாஸ்திரமும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. வீட்ல அன்னைக்கு உப்பு இல்ல. பையன் உப்புப் பாத்தி எடுத்து ஒரு வாரம்கூட ஆகல. அவன் வீட்லயே ஒரு பிடி உப்பு இல்லன்னு எந்த வாயால சொல்றது? வெள்ளிக்கிழமையா வேற இருந்துதா, அத சொல்லிட்டேன்."

மேஸ்திரியின் மனைவி அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ஃபாதர் எழுந்து வந்தார். அவள் கையை ஆட்டி அவரைப் போகச் சொல்லிவிட்டு, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். நான் வேப்பமரத்துக்குப் பின்னால் போய்ச் சிரித்தேன். மேஸ்திரிக்கு விஷயம் போய்ச் சேர்ந்தபோது அந்தக் குரல் சும்மா இருக்குமா? பெரிய வெள்ளிக்கிழமை, கோயில் வளாகத்தில், அத்தனை பேர் நடுவில் அவர் சிரித்த சிரிப்பில் தம்பி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டான்.

பெட்டி இன்னும் பரண் மூலையில்தான் இருக்கிறது. எங்கள் பாத்தியில் இப்போது வெள்ளிக்கிழமையும் உப்பு வாருகிறார்கள், அன்றைக்கு மீன் குழம்பும் போகிறது. மேஸ்திரியின் மனைவி வேலைக்குப் போகிற வழியில் வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் வாசலில் நிற்பாள்.

"யக்கா, உப்பு இருக்குதா?"

அம்மா ஜாடியை உள்ளே வைப்பதில்லை. வாசல் ஜன்னலிலேயே வைத்திருக்கிறாள்.